ஓவியத்தைக் காட்டினா "சூப்பர் மிஸ்", இல்லன்னா "புரியல மிஸ்". இதைத் தாண்டிப் பேச வைக்கிறது எப்படி?

சாம்பல்பென்சில்:

வணக்கம். 13, 14 வயசுப் பசங்களுக்கு ஓவியம் எடுக்கறேன், ஆறு வருஷம் ஆச்சு. வரையக் கத்துக்குடுக்கறதுல எனக்கு ஓரளவு நம்பிக்கை இருக்கு, ஷேடிங் வரலன்னா எங்க தப்பு பண்றாங்கன்னு பென்சில் பிடிக்கிற விதத்தைப் பாத்தே சொல்லிடுவேன். இந்த வருஷம் ரெண்டு வாரத்துக்கு ஒரு பீரியட் பாக்கறதுக்கு மட்டும்னு ஒதுக்கினேன், யாரும் பென்சிலைத் தொடக்கூடாது, ப்ரொஜெக்டர்ல ஒரு ஓவியம் போடுவேன், அதைப் பத்திப் பேசணும், அவ்ளோதான். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

எப்படி இருக்குன்னு கேட்டா "சூப்பர் மிஸ்". மாடர்ன் ஆர்ட்டா இருந்தா "புரியல மிஸ்", இல்லன்னா "இதை நானே வரைவேனே". அதோட முடிஞ்சுது. ஏன் நல்லா இருக்குன்னு கேட்டா "கலர் நல்லா இருக்கு". எந்தக் கலர்னு கேட்டா அப்பதான் திரும்பி திரையைப் பாக்கறாங்க, அதாவது அதுவரைக்கும் பாக்கவே இல்ல. சரி வீட்ல எழுதிட்டு வாங்கன்னு சொன்னா நெட்ல இருக்கறதை அப்படியே எழுதிட்டு வர்றாங்க, பாதிப் பேர் நோட்ல அதே வரிதான்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டம். ஒருநாள் அவங்க வரைஞ்சதையே சுவர்ல ஒட்டி, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் விமர்சனம் பண்ணுங்கன்னு விட்டேன். விமர்சனம்னாலே குறை சொல்றதுன்னுதான் அவங்க மனசுல இருக்கு போல. "கை சரியா இல்ல", "மூக்கு கோணல்", "காப்பி மாதிரி இருக்கு"ன்னு வரிசையா வந்துது, நான் நிறுத்தறதுக்குள்ள ஒரு பொண்ணு எழுந்து போய் தன் படத்தைப் பிச்சு எடுத்து நாலா மடிச்சு பைக்குள்ள வெச்சுக்கிட்டா. மூணு வாரமா அவ பேப்பரோட ஒரு மூலைல சின்னதா மட்டும்தான் வரையறா. அது என் தப்பு, எனக்குத் தெரியும்.

ரசிக்கவும் விமர்சிக்கவும் கத்துக்குடுக்கறவங்க யாராவது இருந்தா எப்படிப் பண்றீங்கன்னு சொல்லுங்க. புத்தகத்துல இருக்கற விளக்கம் வேண்டாம், கிளாஸ்ல நடந்ததை சொல்லுங்க.

---

பழையசாக்பீஸ்:

டீச்சர், 25 வருஷத்துக்கு மேல இதே வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். உங்க கஷ்டம் முதல் கேள்வியிலயே ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். எப்படி இருக்குன்னு கேட்டா அது தீர்ப்பு கேக்கற கேள்வி. தீர்ப்பு சொன்னதுக்கு அப்பறம் யாரு சாட்சி விசாரிப்பாங்க? அதனால கேள்வியைத் தள்ளிப் போடுங்க.

எட்மண்ட் ஃபெல்ட்மேன்னு ஒரு ஆசிரியர் நாலு படியா பிரிச்சு வெச்சிருக்கார், ஓவிய ஆசிரியர் பயிற்சியில நிறைய பேர் படிச்சிருப்பீங்க. முதல்ல கண்ணுல என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்றது, அப்பறம் அது எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கறது, அப்பறம் என்ன சொல்ல வருதுன்னு யோசிக்கிறது, கடைசியா மதிப்பிடறது. கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும். ஆனா முதல் படியில எவ்ளோ நேரம் நிக்கறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு, நாம எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல தாண்டி மூணாவதுக்குப் போயிடறோம்.

நான் எப்பவும் ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட அந்தப் பெரிய அலைப் படத்துலதான் ஆரம்பிப்பேன். 1831 வாக்குல வந்த மரஅச்சுப் படம், எல்லாரும் எங்கயாவது பாத்திருப்பாங்க, டி-ஷர்ட்ல கூட. பாத்த படம்ங்கறதாலதான் அதை எடுக்கறேன். ஒரு நிமிஷம் காட்டிட்டு திரையை அணைச்சிடுவேன். இப்ப ஞாபகத்துல இருந்து சொல்லுங்கன்னு கேட்டா "அலை" சொல்லுவாங்க, கொஞ்ச பேர் "போட்" சொல்லுவாங்க. எத்தனை போட்? ஒண்ணு, ரெண்டுன்னு சண்டை வரும். மூணு. போட்ல ஆளுங்க இருக்காங்களா? முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. படத்துல மலை இருக்கான்னு கேட்டா "மலையா?"ன்னு ஒரு அதிர்ச்சி பாருங்க. அந்தப் படமே ஃபூஜி மலையைப் பத்தின ஒரு தொகுப்புல வந்தது, மலை கிட்டத்தட்ட நடுவுல உக்காந்திருக்கு, அதோட உச்சியும் நுரை மாதிரி வெள்ளையா இருக்கறதால இன்னொரு அலைன்னு நினைச்சு கண்ணு தாண்டிப் போயிடுது.

திரும்ப திரையைப் போட்ட உடனே அவங்க பாக்கற விதமே வேற ஆயிடும், உடம்பை முன்னாடி வளைச்சுப் பாப்பாங்க. அப்ப ஒரு பையன் "சார், முன்னாடி இருக்கற சின்ன அலை அந்த மலை மாதிரியே இருக்கு"ன்னான். இது ரெண்டாவது படி, நான் சொல்லித்தரல. அப்பறம் படத்தை இடவலமா திருப்பிப் போடுவேன். அலை அதே அலைதான், ஆனா பசங்க "இப்ப வேற மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவாங்க. நாம இடமிருந்து வலமாப் படிச்சுப் பழகினவங்க, அவர் காலத்து ஜப்பான்ல வலமிருந்து இடமாப் படிப்பாங்க, அப்படி வந்தா அலைக்கு நேரா எதிர்ல போய் நிக்கற மாதிரி இருக்கும். இதை நானா சொன்னா அது ஒரு தகவல், திருப்பிக் காட்டினப்பறம் சொன்னா அது அவங்களோட கண்டுபிடிப்பு.

நாற்பது நிமிஷ பீரியட்ல முதல் 15 நிமிஷம் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" ரெண்டுக்கும் தடை போட்டுப் பாருங்க.

---

மூணாவதுகேலரி:

மியூசியத்துல பசங்க குழுக்களைக் கூட்டிட்டுப் போற வேலை என்னோடது. மேல சார் சொன்னதோட ஒத்துப்போறேன், நேரம்தான் விஷயம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல பாக்க வர்றவங்களை கவனிச்சு 2001ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, ஒரு படைப்புக்கு முன்னாடி ஒருத்தர் சராசரியா 27 வினாடி நிக்கறாங்க. பாதிப் பேர் 17 வினாடி கூட நிக்கல. அதுவும் பக்கத்துல இருக்கற குறிப்பைப் படிக்கிற நேரத்தையும் சேத்து. பெரியவங்களே அப்படின்னா உங்க பசங்க மேல தப்பே இல்ல, யாரும் அவங்களுக்கு நிக்கக் கத்துக்குடுக்கல.

இன்னொரு பக்கம், ஹார்வர்ட்ல ஜெனிஃபர் ராபர்ட்ஸ்னு கலை வரலாற்றுப் பேராசிரியர், மாணவர்களை ஒரே ஓவியத்துக்கு முன்னாடி மூணு மணி நேரம் உக்கார சொல்றவங்க. அவங்களே அப்படிப் பண்ணிப் பாத்து எழுதியிருக்காங்க, ஜான் சிங்கிள்டன் கோப்லி 1765ல வரைஞ்ச, ஒரு பையன் பறக்கும் அணிலோட இருக்கற ஓவியம். பையனோட காது வடிவமும் அணில் வயித்து ரோமத்தோட ஓரமும் ஒண்ணா இருக்குன்னு கவனிக்க அவங்களுக்கு 9 நிமிஷம் ஆச்சாம். சங்கிலியைப் பிடிச்சிருக்கற விரல்களோட அகலமும் கீழ இருக்கற தண்ணி கிளாஸோட விட்டமும் ஒரே அளவுன்னு தெரிய 21 நிமிஷம். படம் பாக்கறதையே தொழிலா வெச்சிருக்கறவங்களுக்கு! இதை என் குழுக்கள்ல சொல்லும்போது பசங்க முகத்துல ஒரு நிம்மதி வரும், ஏன்னா உடனே புரியலன்னா தான் மக்குன்னு அவங்க நினைச்சுட்டு இருக்காங்க.

நான் பயன்படுத்தறது விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்னு சொல்ற முறை, அபிகெய்ல் ஹௌசன், ஃபிலிப் யெனவைன் ரெண்டு பேர் உருவாக்கினது. மூணே கேள்விதான். இந்தப் படத்துல என்ன நடக்குது? எதைப் பாத்து அப்படிச் சொல்றே? வேற என்ன கண்டுபிடிக்கலாம்? நடுவுல இருக்கற கேள்விதான் உயிர். "அவ சோகமா இருக்கா"ன்னு ஒரு பொண்ணு சொன்னா "ஆமா", "இல்ல" எதுவும் நான் சொல்லமாட்டேன், எதைப் பாத்து சொல்றேன்னு மட்டும் கேப்பேன், "தோள் தொங்கிட்டு இருக்கு"ன்னு அவ சொல்லுவா, நான் போய் அந்தத் தோளை விரலால காட்டி அவ சொன்னதை வேற வார்த்தையில திரும்பச் சொல்லுவேன். அவ்ளோதான் என் வேலை. முக்கியமான விஷயம், "வெரி குட்" சொல்லாதீங்க. ஒருத்தருக்கு வெரி குட் சொல்லிட்டா மிச்சப் பேர் எல்லாம் அந்த வெரி குட்டுக்குத்தான் பதில் தேடுவாங்க, படத்தைப் பாக்கமாட்டாங்க.

இன்னொண்ணு. திரையில பாக்கறப்ப எல்லாப் படமும் ஒரே சைஸ் ஆயிடுது. அந்த அலைப் படம் நிஜத்துல ஒரு ஏ3 பேப்பரை விட சின்னது, பிக்காசோவோட குவெர்னிகா 7.77 மீட்டர் அகலம், 3.49 மீட்டர் உயரம். கயிறை எடுத்து கிளாஸ் சுவர்ல நிஜ அளவை ஒட்டிக் காட்டுங்க, பெரும்பாலும் சுவர் பத்தாது.

---

நீலச்சாயம்:

ரெண்டு பேர் சொன்னதும் நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒரு முரண்பாடு இருக்கு, கோவிச்சுக்காதீங்க. நான் காலேஜ்ல கலை வரலாறு எடுக்கறேன். இந்த "பாத்தா போதும்" முறையிலயே வந்த பசங்க என்கிட்ட வர்றப்ப, என்ன வேணா சொல்லலாம், எதுவும் தப்பில்லன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. அது உண்மை இல்ல. எந்த சூழ்நிலையில, எப்ப, எதுக்காக வரைஞ்சாங்கன்னு தெரியாம சில படங்களை கண்ணால மட்டும் பாத்துத் தாண்ட முடியாது.

குவெர்னிகாவையே எடுத்துக்கோங்க. கண்ணால பாத்தா குதிரை, காளை, செத்த குழந்தையோட ஒரு அம்மா, உடைஞ்ச வாளோட கீழ கிடக்கற ஒருத்தன், மேல ஒரு பல்பு. குவெர்னிகாங்கறது ஸ்பெயின்ல ஒரு ஊர், 1937 ஏப்ரல் 26ல அது மேல விமானத்துல இருந்து குண்டு போட்டாங்கன்னு சொன்னப்பறம் பசங்க திரும்பப் பாத்துட்டு "சார், இதுல விமானமே இல்லயே, குண்டே இல்லயே"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி வரலாறு தெரியாம வருமா? இல்லாத ஒண்ணை கவனிக்கறதுக்கு அது இருந்திருக்கணும்னு தெரியணும். ஏன் கறுப்பு வெள்ளை சாம்பல் மட்டும்னு அடுத்து கேப்பாங்க, பேப்பர்ல வந்த போட்டோ மாதிரின்னு ஒருத்தன், ரத்தத்தை சிவப்பாக் காட்டினா பாக்கறவங்க கண்ணைத் திருப்பிக்குவாங்கன்னு இன்னொருத்தன். ரெண்டுக்கும் படத்துல ஆதாரம் இருக்கு, விவாதம் பண்ணலாம். "இது குதிரைங்களோட பிறந்தநாள்"னு ஒருத்தன் சொன்னா அது தப்பு, தப்புன்னு சொல்லணும்.

அப்பறம் "நல்லா இல்ல"வுக்குத் தடை போடறதும் எனக்கு ஒத்துவரல. பிடிக்கலங்கறது நிஜமான உணர்வு, அதை வெளிய நிறுத்திட்டு உள்ள வான்னு சொன்னா பையன் பொய் பேசக் கத்துக்குவான். நான் முதல்லயே ஒரு சீட்டுல எழுத சொல்லுவேன், பிடிச்சுதா இல்லையா, ஒரே வரி, மடிச்சு வெச்சுக்கோ. கிளாஸ் முடியறப்ப பிரிச்சுப் படி. மாறலாம், மாறாமலும் இருக்கலாம், மாறலன்னா இப்ப காரணம் சொல்லத் தெரியும்.

காரணம்னு சொன்னேன் இல்ல, அதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 1874ல ஃப்ரெஞ்ச் ஓவியர் மொனேவோட சூரிய உதயப் படத்தை லூயி லெராய்னு ஒரு விமர்சகர் கிழிச்சு எழுதினார், சுவர்ல ஒட்டற காகிதத்தோட ஆரம்ப நிலை கூட இந்தக் கடலை விட முழுசா இருக்கும்ங்கற மாதிரி. அவர் கேலியா சொன்ன "இம்ப்ரெஷனிஸ்ட்"ங்கற வார்த்தைதான் மொனே மாதிரி வரைஞ்சவங்களோட இயக்கத்துக்கே பேராச்சு. வழக்கமா இந்தக் கதையை அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லத்தான் எடுக்கறாங்க, நான் அப்படி எடுக்கமாட்டேன். அவர் கண்ணு சரியாதான் பாத்துது. முடிக்காத மாதிரி இருக்குங்கறது படத்துல நிஜமாவே இருக்கற விஷயம், தூரிகைத் தடம் அப்படியே தெரியும். அவரோட அளவுகோல் வழவழன்னு முழுசா முடிச்சிருக்கணும்ங்கறது, மொனேவோட அளவுகோல் அந்த நிமிஷத்தோட வெளிச்சம். பசங்களுக்கு இதைத்தான் கத்துக்குடுக்கணும்னு நான் நினைக்கிறேன், நீ என்ன பாத்தே, எந்த அளவுகோலால அளந்தே, ரெண்டையும் தனித்தனியா சொல்லு. "இதை நானே வரைவேன்"னு சொல்றவன் கிட்ட கூட ஒரு அளவுகோல் இருக்கு, கைத்திறமைதான் கலைங்கறது. அதை அவன் வாயாலயே சொல்ல வைங்க, அப்பறம் பேச்சு தானா நடக்கும்.

---

பழையசாக்பீஸ்:

சீட்டு யோசனை நல்லா இருக்கு சார், தடை போடறதை விட இது மேல். நான் வேலையில இருக்கறப்ப தெரிஞ்சிருக்கலாம்.

---

சாம்பல்பென்சில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். ஒரு சந்தேகம் மட்டும், வரலாறை எப்ப சொல்றது? முதல்லயே சொன்னா அதையே திருப்பிச் சொல்றாங்க. சொல்லாமலே விட்டா நீலச்சாயம் சார் சொன்ன மாதிரி ஆயிடும்.

---

மூணாவதுகேலரி:

அவங்களே கேக்கறப்ப. நான் முதல் 10, 15 நிமிஷம் எதுவுமே சொல்லமாட்டேன், தலைப்பு கூட. அவங்க பேச்சு ஒரு இடத்துல சுத்த ஆரம்பிக்கும், அங்க ஒரே ஒரு தகவல் குடுப்பேன், முழு வாழ்க்கை வரலாறு இல்ல. நீலச்சாயம் சொன்னதை ஏத்துக்கறேன், இந்த முறையை மட்டுமே வருஷம் முழுக்க வெச்சுக்கிட்டா ஒரு கட்டத்துல நின்னு போயிடும். ஆரம்பிக்கறவங்களுக்கு வாய் திறக்க வைக்க இது உதவும்.

---

களிமண்கை:

யாரும் அந்தப் பொண்ணைப் பத்திப் பேசல, அதனால எழுதறேன். நான் சிற்பம் படிச்சவ. எங்க காலேஜ்ல கிரிட்டிக்னு ஒரு நாள் வெச்சு, வேலையை நடுவுல வெச்சுட்டு சுத்தி நின்னு ஆளாளுக்கு அடிப்பாங்க, அதைத் தாங்கினாத்தான் கலைஞன்னு ஒரு நினைப்பு. என்னோட படிச்சதுல ரொம்ப நல்லா செய்யறவ ஒருத்தி ரெண்டாவது வருஷத்தோட நிறுத்திட்டா. தாங்கறதும் நல்ல சிற்பம் செய்யறதும் வேற வேற திறமை, இதை நான் ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுக்கிட்டேன்.

லிஸ் லெர்மன்னு ஒரு நடன இயக்குநர் ஒரு முறை வெச்சிருக்காங்க, நடனத்துக்கு உருவாக்கினது, ஆனா எதுக்கும் ஒத்துவரும். முதல்ல பாக்கறவங்க தன்னை எது தொட்டுது, எது ஞாபகத்துல நிக்குதுன்னு மட்டும் சொல்லணும். பாராட்டு வேண்டாம், கவனிச்சதைச் சொன்னா போதும். அப்பறம் வரைஞ்சவங்க கேள்வி கேப்பாங்க, "இந்தப் பின்னணி ரொம்ப இருட்டா இருக்கா?"ங்கற மாதிரி. மூணாவது, பாக்கறவங்க கேள்வி கேக்கலாம், ஆனா கேள்விக்குள்ள கருத்தை ஒளிச்சு வெக்கக் கூடாது. "கையை ஏன் இப்படி மோசமா வரைஞ்சே" கூடாது, "கையை வரையறப்ப என்ன யோசிச்சே" கேக்கலாம். கடைசியாத்தான் கருத்து, அதுவும் "பின்னணியைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லட்டுமா?"ன்னு அனுமதி கேட்டு. வரைஞ்சவங்க வேண்டாம்னு சொல்லலாம்.

அந்த வேண்டாம்தான் பெரிய விஷயம். நான் இப்ப சின்னப் பசங்களோட இதைப் பண்றேன், முதல் ரெண்டு தடவை எல்லாரும் வேண்டாம்னாங்க, மூணாவது தடவைல இருந்து அவங்களே "சொல்லு சொல்லு"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கதவைத் தன் கையால திறக்க முடியும்னு தெரிஞ்சா திறப்பாங்க.

உங்க ஸ்டூடண்ட் கிட்ட மன்னிப்பு கேளுங்க டீச்சர், தனியா கூப்பிட்டு. அப்பறம் முதல்ல நீங்க வரைஞ்ச ஒண்ணை நடுவுல வைங்க, அவங்க உங்களை விமர்சிக்கட்டும்.

---

ஓரக்கோடு:

மார்க் பத்தி ஒரு சின்ன விஷயம் மட்டும். எழுத வைக்கறீங்கன்னா "இந்த ஓவியத்தை விமர்சிக்கவும்"னு கேக்காதீங்க, நெட்ல பதில் ரெடியா இருக்கு. "படத்துல நீ மட்டும் கவனிச்ச ஒண்ணு, அது எந்த இடத்துல இருக்கு, அதை விரலால மூடிட்டா படம் என்ன ஆகுது"ன்னு கேளுங்க. இதுக்குப் படத்தைத் திறந்து வெச்சே ஆகணும். நான் கருத்துக்கு மார்க் போடறதில்ல, கருத்துக்குக் காட்டின ஆதாரத்துக்குத்தான் போடறேன்.

---

சாம்பல்பென்சில்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நடந்ததை எழுதறேன்.

முதல்ல பாக்கற பீரியட். இக்காரஸ் விழறதைப் பத்தின அந்தப் பழைய ஓவியத்தைப் போட்டேன், ப்ரூகெல்ங்கற ஓவியர் பேர்ல ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற படம். தலைப்பை சொல்லல. சீட்டு எழுத வெச்சேன், பெரும்பாலும் "பரவாயில்ல", "போர்". அப்பறம் மூணு கேள்வி. உழவன், சிவப்புச் சட்டை, ஆடு மேய்க்கிறவன் மேல பாக்கறான், கப்பல், சூரியன்னு ஒவ்வொண்ணா வந்துது. பேச்சு நின்னு போன இடத்துல தலைப்பை மட்டும் சொன்னேன், சூரியன் கிட்ட பறந்து இறக்கை உருகி விழுந்தவன்னு ரெண்டு வரி கதை. முதல்ல எல்லாரும் வானத்துலதான் தேடினாங்க. கடைசி பெஞ்ச்ல இருந்து ஒருத்தன், எப்பவும் "புரியல மிஸ்" சொல்றவன், "கால்! தண்ணில கால்!"னு கத்தினான். வலது பக்கம் கீழ மூலையில, மீன் பிடிக்கிறவன் பக்கத்துல, ரெண்டு கால் மட்டும்.

கிளாஸ் அமைதியாயிடுச்சு. நான் எதுவும் சொல்லல, சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது, ஆனா சொல்லல. ஒரு பொண்ணு "யாருமே திரும்பிப் பாக்கல மிஸ்"னா. இன்னொருத்தன், "ஆடு மேய்க்கிறவன் மேல பாக்கறானே"ன்னான். "அவன் பாக்கற பக்கம் ஒண்ணும் இல்லயே." பெல் அடிச்சும் பேசிக்கிட்டே இருந்தாங்க. சீட்டைப் பிரிச்சப்ப ஏழு பேர் மாத்தினாங்க, மத்தவங்க மாத்தல. "இன்னும் போர்தான், ஏன்னா முக்கியமானதை இவ்ளோ சின்னதா வரைஞ்சா யாருக்குத் தெரியும்"னு ஒருத்தன் எழுதியிருந்தான். அவன் அளவுகோல் அது. அதை அடுத்த கிளாஸ்ல சத்தமாப் படிச்சு விவாதம் வைக்கப் போறேன், அவன் கிட்ட கேட்டுட்டேன், சரின்னான்.

ஆனா எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். அதுக்கு அடுத்த பீரியட்ல ஒரு அப்ஸ்ட்ராக்ட் படம் போட்டேன், அஞ்சே நிமிஷத்துல பேச்சு நின்னுடுச்சு. "என்ன நடக்குது"ன்னு கேட்டா அதுல எதுவும் நடக்கல, கேள்வியையே மாத்தணும் போல. கண்ணு முதல்ல எங்க போகுது, எங்க நிக்குதுன்னு கேக்கலாமான்னு யோசிக்கறேன், யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க.

களிமண்கை அக்கா, நீங்க சொன்ன மாதிரி அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன். ஒண்ணும் பேசல, தலையை ஆட்டினா. அப்பறம் என் படம் ஒண்ணை நடுவுல வெச்சேன், ஒரு கிழவியோட முகம், பென்சில். எல்லாரும் தயங்கினாங்க. நான் "இந்தக் கண்ணு ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதா"ன்னு கேள்வி கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவதான் கை தூக்கினா. "மிஸ், காதைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லட்டுமா?"

சொல்லுன்னேன். காது ரொம்பக் கீழ இருக்குன்னா. சரியாத்தான் சொன்னா.